முற்றத்துக் கானும் எங்கள் ஆறும்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் ஆற்றுக்குள் விழுந்தேன். ஆழமில்லை, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான். ஆனால் போட்டிருந்தது வேடர்ஸ். நெஞ்சு வரைக்கும் வருகிற ரப்பர்க் காற்சட்டையும் சப்பாத்தும் ஒன்றாகச் சேர்ந்த உடுப்பு அது. அதற்குள் தண்ணீர் போய்விட்டால் தனியாக எழும்ப முடியாது. சேற்றில் புதைந்துகிடந்த ஒரு சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டிருந்தேன். அது திடீரென்று கழன்று வந்தது. நான் மல்லாக்க விழுந்தேன். இரண்டு பேர் என்னைத் தூக்கிக் கரையில் கிடத்தி, கால்களை உயர்த்திப் பிடித்துத் தண்ணீரை வெளியே ஊற்றினார்கள். என் புது மேலதிகாரி மார்கிரட் ஒரு கோப்பை தேத்தண்ணீரை நீட்டினார்.

“நல்லது சூ, இனி நீ எங்கள் ஆள்” என்றார்.

என் பெயர் சுகந்தி. அவர்கள் வாயில் அது நிற்கவில்லை. முதல் நாளிலேயே ‘சூ’ ஆகிவிட்டது.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம் அது. ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் லண்டனுக்கு வந்திருந்தோம். ஊரில் பட்டப்படிப்பில் விலங்கியல் படித்தவள் நான். ஜெர்மனியில் அந்தப் படிப்பைக் கொண்டு ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கினேன். லண்டனில் சிற்றுண்டிச் சமையலறை ஒன்றில், கறி அடைத்துப் பொரிக்கிற பற்றிஸ் மடித்துக்கொண்டிருந்தபோதுதான் நூலகத்துச் சுவரில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். ஆற்றைப் பாதுகாக்கிற சிறு குழு ஒன்றுக்கு தொண்டர்களை ஒருங்கிணைக்க வொலன்ரியர் கோர்டினேட்டர் தேவை, பகுதி நேரம் என்று போட்டிருந்தது.

ஆறு என்றால் பெரிய ஆறு இல்லை. குரோய்டன் பக்கம் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து ஊற்றெடுத்து, விம்பிள்டனுக்குக் கிழக்கால் ஓடி, தேம்ஸில் போய் விழுகிற ஒரு நீர்ப்பாதை. பஸ்ஸில் போகிறவர்கள் பாலத்தைக் கடக்கிறோம் என்றுகூடக் கவனிக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் இதற்குள் சல்மன் மீன் ஏறி வந்ததாம். பிறகு ஆலைகள் வந்து ஆறு செத்துப்போனது. அதை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்துச் சனம் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தொடங்கிய குழு அது. மார்கிரட் ஓய்வுபெற்ற தாதி, குழுவின் தலைவர். கொலின் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர், எங்கள் விஞ்ஞானி. கந்தோர் என்று நாங்கள் சொன்ன அலுவலகம் தேவாலய மண்டபத்துக்குப் பின்னால் இருந்த ஒரு அறை. எப்போதும் ஈரக் காலுறை மணம். அந்த மணம் இப்போதும் எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு மனம் லேசாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைத் துப்புரவு வேலையில் என்னவெல்லாம் எடுத்திருக்கிறோம்! கார் ரயர், மெத்தை, மோட்டார்சைக்கிள், ஒரு முழுச் சமையலறைத் தொட்டி. ஒருநாள் மஞ்சள் பூசின தேங்காய் ஒன்று வந்தது. எல்லோரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள், பிறகு வேறு பக்கம் பார்த்தார்கள். “இது எங்கட ஆக்களின்ரைதான். சாமிக்கு நேர்ந்து தண்ணியிலை விட்டது” என்று ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். கொலின் தேங்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதுவாவது உக்கிப்போகும். அந்த மெத்தையைப் போட்டவன் எந்தச் சாமிக்குப் போட்டான்?” என்றார்.

அந்த ஆளை எனக்கு அன்றிலிருந்து பிடித்துப்போனது.

2. விலாங்குக் குஞ்சு

ஊரில் சல்மனைச் ‘சமன்’ என்போம், எங்களுக்கு அது தகர ரின்னுக்குள் இருக்கிற மீன். உயிரோடு ஆறு ஏறும் என்று புத்தகத்தில் படித்ததுதான். இந்த ஆற்றில் சல்மன் திரும்பி வருமா வராதா என்று ஞாயிறுகளில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு பெரிய வாக்குவாதம் நடக்கும். ஆனால் வாக்குவாதம் இல்லாமல் வந்துகொண்டிருந்தது விலாங்கு.

வசந்த காலத்தில், விரல் நீளமும் இல்லாத விலாங்குக் குஞ்சுகள் தேம்ஸிலிருந்து ஏறி வரும். அவை பிறப்பது அட்லாண்டிக் சமுத்திரத்தின் அந்தக் கரைப் பக்கம். இரண்டு மூன்று வருடம் நீரோட்டத்தில் மிதந்து இங்கே வந்து சேர்கின்றன. வந்த பிறகு எங்கள் ஆற்றில் பழைய ஆலைக்காகக் கட்டிய ஒரு தடுப்பணை குறுக்கே நிற்கும். அதில் ஏற முடியாமல் அடியிலேயே கிடந்து கொக்குக்கு இரையாகும். அதற்காக அணையின் பக்கத்தில் ஒரு சாய்வான பலகையை வைத்து, அதில் துடைக்கிற தும்புத்தடியின் மயிர் போலப் பிளாஸ்டிக் தும்புகளைப் பதித்து, மேலிருந்து கொஞ்சமாகத் தண்ணீர் ஓட விட்டிருந்தோம். குஞ்சுகள் அந்தத் தும்புகளுக்குள் வளைந்து நெளிந்து ஏறும். உச்சியில் ஒரு பெட்டி. அதைத் திறந்து, எண்ணி, நீளம் பார்த்து, அணைக்கு மேலே விட வேண்டும்.

முதல் முறை பெட்டியைத் திறந்தபோது நான் மூச்சு விட மறந்துபோனேன். கண்ணாடி நூல் போல, கறுப்புக் கண் மட்டும் தெரிகிற உயிர்கள். பல வருடத்துக்குப் பிறகு, நான் படித்த படிப்பு என் உள்ளங்கையில் கிடந்து நெளிந்தது.

பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி படம் எடுக்க வந்தாள். “எவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்திருக்கிறது, உங்களைப் போலவே” என்றாள்.

“நான் லொறியில் வந்தேன்” என்றேன்.

கொலின் சிரிப்பை அடக்க முடியாமல் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

3. பால் நிறத் தண்ணீர்

நான் சேர்ந்து மூன்றாவது கோடை. ஒரு புதன்கிழமை முற்பகல் கந்தோருக்குத் தொலைபேசி வந்தது. நாயோடு நடக்கப் போகிற ஒரு கிழவர்.

“மீன்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு மேலே வருகின்றன. ஏதோ சரியில்லை.”

நான், மார்கிரட், கொலின் மூன்று பேரும் வாளிகளை வான் வண்டிக்குள் எறிந்துகொண்டு ஓடினோம். பாலத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் அரிசி கழுவின நிறத்தில் இருந்தது. அதன்மேல் நுரை. மூக்கைக் குத்துகிற பிளீச் மணம். ட்ரவுட் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்துவந்தன. அதில் பல, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பறைத் தொட்டியில் முட்டையிலிருந்து வளர்த்து, பெயர் வைத்து, தங்கள் கையாலேயே ஆற்றில் விட்டவை. கரையோரம் பெரிய விலாங்கு ஒன்று தண்ணீரை விட்டு வெளியே புல்லுக்கு ஏறிக் கிடந்தது. தண்ணீரை விட்டு ஓடி வந்திருக்கிறது.

கொலின் இறங்கி, உயிர் இருக்கிறவற்றை வாளியில் அள்ளத் தொடங்கினார். நானும் மார்கிரட்டும் வாளிகளைத் தூக்கிக்கொண்டு மேல்நோக்கி நடந்தோம். நல்ல தண்ணீர் இருக்கிற இடம் கண்டு அவற்றை விட வேண்டும்.

நல்ல தண்ணீர் தூரத்தில் இல்லை. கரைச் சுவரில் ஒரு சீமெந்துக் குழாய் வாய் திறந்திருந்தது. அதற்கு மேலே ஆறு கண்ணாடி போல, கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அதற்குக் கீழேதான் பால். குழாயிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது.

குழாய்க்குப் பின்னால் இருந்தது ஒரு சின்ன இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். கராஜ், கண்ணாடி வெட்டுகிற இடம், மரச்சாமான் களஞ்சியம் என்று தகரக் கூரைக் கட்டிடங்கள். நாங்கள் சுற்றிப் போய் உள்ளே நுழைந்தோம். நிலத்தில் ஈரத்தடம் தெரிந்தது. அது ஒரு முற்றத்துக் கானில், நிலத்தில் பதித்த வடிகாலில், போய் முடிந்தது. கானின் இரும்புக் கம்பிகளில் நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. பிளீச் மணத்தோடு இன்னொரு மணமும் வந்தது. பொரித்த எண்ணெய், கறிவேப்பிலை, வெங்காயம்.

எனக்குப் பெயர்ப் பலகையைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அந்தச் சமையலறையில்தான் நான் இரண்டு வருடம் பற்றிஸ் மடித்தேன்.

4. அழைப்பு

அந்தச் சமையலறையின் முதலாளி செல்வராசா அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் லண்டனுக்கு வந்த புதிதில் எங்களைத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரும் ஜெர்மனியில் இருந்துவிட்டு எங்களுக்கு முன்னால் வந்தவர். தன் வீட்டு மேல் அறையை ஒழித்துத் தந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். அவருடைய மனைவி யோகம் அக்கா என் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தபோது மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய இருந்தவர். நான் ஆற்று வேலைக்குப் போகப்போகிறேன் என்றதும் அண்ணை, “படிச்ச படிப்புக்கு வேலை கிடைச்சிட்டுது, போயிட்டு வா” என்று சொல்லி ஒரு பெட்டி பொரித்த ரோல்ஸ் கட்டித் தந்தார்.

முற்றத்தில் நின்று நான் பலகையைப் பார்க்காமல் நின்றதை மார்கிரட் கவனித்துவிட்டார்.

“உனக்குத் தெரிந்தவர்களா?”

“ஓம். எனக்கு லண்டனில் முதல் வேலை தந்தவர்.”

மார்கிரட் தன் கைத்தொலைபேசியை எடுத்தார். “நீ போய் வானில் இரு சூ. ஹாட்லைனுக்கு நான் அடிக்கிறேன். நீ இங்கே வரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம்.”

அவர் அன்பினால் சொன்னார் என்று தெரியும். ஆனால் அழிவு நடந்தால் சுற்றாடல் அதிகாரிகளுக்கு அழைப்பது என்னுடைய பொறுப்பு. வானில் போய் இருந்தால், அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஆற்றுக்குள் என்னால் இறங்க முடியாது. நானே அடித்தேன். இடம், குழாய், நிறம், மணம், செத்த மீன்கள், எந்தக் கட்டிடம் என்று எல்லாம் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

பிறகு மார்கிரட்டை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

செல்வராசா அண்ணை பெரிய பொரிக்கும் தாச்சிகளைப் பிளீச் போட்டுக் கழுவி, அழுக்குத் தண்ணீரைக் கானில் ஊற்ற வாளியில் சேர்த்துக்கொண்டிருந்தார். வருகிற சனிக்கிழமைக்குக் கல்யாணச் சாப்பாட்டு ஓடர் இருந்ததாம். அதற்காகப் பெரிய துப்புரவு. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“அட சுகந்தி! வா வா. யோகம், ஆர் வந்திருக்கினமெண்டு பார்.”

“அண்ணை, அந்தத் தண்ணியை முதல் நிப்பாட்டுங்கோ.”

“எந்தத் தண்ணி?”

“முத்தத்துக் கானுக்குள்ளை ஊத்திற தண்ணி. அது நேரா ஆத்துக்குப் போகுது. மீனெல்லாம் செத்து மிதக்குது.”

அவர் குழாயைப் பூட்டினார். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான். “கான் எண்டால் கழிவுக்குத்தானே போகும்? சிங்க் தண்ணியும் கான் தண்ணியும் எல்லாம் ஒரே இடத்துக்குத்தானே?”

“இல்லை அண்ணை. சிங்க் தண்ணி சுத்திகரிக்கிற இடத்துக்குப் போகும். முத்தத்துக் கான் மழைத் தண்ணிக்கு. அது அப்பிடியே ஆத்திலை விழும்.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“தெரியும். ஆனால் இப்ப அதிகாரிகள் வருவினம். நான்தான் போன் அடிச்சனான்.”

அவருடைய கையிலிருந்து சவர்க்காரத் தண்ணீர் நிலத்தில் சொட்டியது.

“என்னட்டை முதல் வந்திருக்கலாமே, தங்கச்சி. வந்து சொல்லியிருந்தால் நான் நிப்பாட்டியிருப்பன்தானே. ஏன் முதல் அவங்களுக்கு அடிச்சனீ?”

“முதல் உங்களட்டை வந்திருந்தால், அண்ணை, உங்கட முகத்தைப் பாத்தாப் பிறகு என்னாலை அடிக்க ஏலாமப் போயிருக்கும்.”

யோகம் அக்கா உள்ளேயிருந்து வந்து கதவடியில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். அது அண்ணை கேட்ட கேள்வியை விட எனக்கு வலித்தது.

5. திரும்பிக்கொண்ட முகங்கள்

அதிகாரிகள் வந்தார்கள். கானுக்குள் பச்சைச் சாயம் ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் ஆற்றுக் குழாயிலிருந்து பச்சையாக வந்தது. கேள்வி கேட்க ஒன்றும் மிஞ்சவில்லை. செல்வராசா அண்ணை வேண்டுமென்று செய்யவில்லை என்பதையும், கேட்டதும் நிறுத்தியதையும் நானும் மார்கிரட்டும் எழுதிக் கொடுத்தோம். எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் குழாய்களை மாற்றி, எண்ணெய் பிடிக்கிற தொட்டி வைத்து முடிக்கும்வரை சமையலறை பூட்டிக் கிடந்தது. கல்யாண ஓடர் வேறு ஆளுக்குப் போனது.

லண்டனில் எங்கள் ஆட்களுக்குள் கதை வேறு விதமாக ஓடியது. ‘சோறு போட்ட வீட்டைக் காட்டிக் குடுத்தவள்’ என்றார்கள். கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தாள். ஒருத்தர் என் கணவரிடம், “உம்மட மனிசிக்கு மீனிலை இவ்வளவு பாசமெண்டால் சமைக்கிறதில்லையோ?” என்று கேட்டிருக்கிறார். கணவர் வீட்டுக்கு வந்து, “நாங்கள் உவையளோடைதான் சீவிக்க வேணும், சுகந்தி” என்றார். “ஓம், ஆத்தோடையும்தான்” என்றேன்.

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தது உண்மை. மார்கிரட்டிடம் சொன்னபோது அவர் தடுக்கவில்லை. “முப்பது வருடம் தாதியாக இருந்தேன். சரியானதைச் செய்துவிட்டு அழுத நாட்கள் பல. பிழையானதைச் செய்துவிட்டு நன்றாகத் தூங்கினவர்களையும் பார்த்திருக்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேக் துண்டை என் பக்கம் தள்ளினார்.

கொலின் ஒவ்வொரு மாதமும் அந்தக் குழாய்க்குக் கீழே போய் ஆற்றின் அடியைக் காலால் கிளறி வலையில் பிடித்துப் பார்ப்பார். ஆற்றுப் பூச்சிகளும் கூனி போன்ற சின்ன இறால்களும் இருந்தால் தண்ணீர் நல்லது என்று அர்த்தம். கோடை முழுக்க வலை வெறுமையாக வந்தது. இலையுதிர் காலத்தில் ஒருநாள் வெள்ளைத் தட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஒரே ஒரு கூனி, பக்கவாட்டில் துள்ளிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அந்தத் தட்டுக்கு மேல் குனிந்துகொண்டு வெகுநேரம் நின்றோம்.

6. மஞ்சள் மீன்

செல்வராசா அண்ணை சொன்ன ஒரு வார்த்தை என்னை விடவில்லை. ‘எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.’ உண்மைதான். அந்த எஸ்டேட்டில் எந்தக் கான் எங்கே போகிறது என்று ஒருத்தருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுக்குள் நின்றோமே தவிர, சுவருக்கு அந்தப் பக்கம் போய் ஒரு கதவையும் தட்டியதில்லை.

அடுத்த வசந்தத்தில் ஒவ்வொரு மழைநீர்க் கானுக்குப் பக்கத்திலும் மஞ்சள் பெயின்ற்றில் ஒரு மீன் படம் போட முடிவெடுத்தோம். ‘இது ஆற்றுக்குப் போகும்’ என்று கீழே எழுத வேண்டும். ஆங்கிலத்தோடு தமிழ், உருது, போலிஷ் மொழிகளிலும் சின்ன அட்டைகள் அடித்தோம். நான்தான் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். கராஜ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடிக்காரர் தன் பெயின்ற் தட்டுகளை இனி எங்கே கழுவுவது என்று கொஞ்சம் பயந்துபோய்க் கேட்டார். கடைசியாக மிஞ்சியது அந்தச் சமையலறை. எங்கள் வொலன்ரியர்மார் முற்றத்தின் வெளி எல்லையோடு நின்றுவிட்டார்கள். நானும் வெளி வாசலில் குந்தியிருந்து, ரோட்டுக் கானுக்குப் பக்கத்தில் ஸ்டென்சிலை வைத்து மீனைப் பூசிக்கொண்டிருந்தேன்.

நிழல் ஒன்று விழுந்தது. நிமிர்ந்தேன். யோகம் அக்கா. கையில் மாவு ஒட்டியிருந்தது. ஏறத்தாழ ஒரு வருடமாக நாங்கள் பேசவில்லை.

“உள்ளுக்கை இருக்கிற கானுக்கும் இதை அடியும். பெரிசா அடியும்” என்றார்.

நான் எழும்பி நின்றேன்.

“ஒண்டாவது மிஞ்சினதோ, சுகந்தி? அண்டைக்குச் செத்ததிலை?”

“கொஞ்சம் மிஞ்சினது அக்கா. வாளியிலை அள்ளி மேலை விட்டனாங்கள்.”

“நான் அண்டைக்கு நீர் எங்களட்டை வந்திட்டுப் போனாப் பிறகு வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்தனான்.” அவர் கையிலிருந்த மாவை உரசி உதிர்த்தார். “பிறகு ரெண்டு நாள் சாப்பிடேலாமக் கிடந்தது. உம்மோடை கோவமில்லை. எந்த முகத்தோடை வந்து கதைக்கிறதெண்டு தெரியேல்லை.”

வாசலில் பெயின்ற் கையோடு நான் அழுதேன். அவரும் அழுதார். எங்கள் ஆங்கில வொலன்ரியர்மார் மிகவும் அக்கறையாக வேறு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த கிழமை அவரை அணைக்குக் கூட்டிக்கொண்டு போய் விலாங்குப் பெட்டியைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, “ஐயோ, இடியப்பத்துக்குக் கண் வைச்ச மாதிரியெல்லோ கிடக்கு” என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன். அன்றிலிருந்து கொலின் அவற்றை ‘இடியப்பம்’ என்றே சொன்னார். ஒருமுறை வெளியூர் நிபுணர்கள் வந்த கூட்டத்திலும் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

யோகம் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினார். செல்வராசா அண்ணை வானில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். கண்ணாடியை இறக்க மாட்டார். எஞ்சினை நிறுத்தவும் மாட்டார்.

7. கல் வந்த நாள்

அப்படியே இரண்டு வருடம் போனது. ஆற்றில் மீன் திரும்பியிருந்தது, ஆனால் முட்டை போடவில்லை. ட்ரவுட் சேற்றில் முட்டை போடாது. சுத்தமான கூழாங்கல் வேண்டும், கல்லுக்கு இடையால் தண்ணீர் ஓட வேண்டும். கொலின் பல காலம் எழுதிக் கேட்டு ஒரு லொறிக் கல்லுக்கு வழி செய்தார். அதைப் போட மிக நல்ல இடம் அந்தக் குழாய்க்குக் கொஞ்சம் கீழே இருந்த வளைவு. ஆனால் அந்த வளைவுக்கு லொறி போகப் பாதை இல்லை. ஒரே வழி செல்வராசா அண்ணையின் முற்றம். பின்வேலியைக் கழற்றினால் கரை.

“நான் கேட்கட்டுமா?” என்றார் மார்கிரட்.

“இல்லை, நானே கேட்கிறேன்” என்றேன்.

சமையலறை வாசலில் போய் நின்றேன். அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“அண்ணை, ஒரு உதவி கேக்க வந்தனான். ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ. நான் கோவிக்க மாட்டன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். மீன் ஏன் முட்டை போடவில்லை, கல் எதற்கு, லொறி எப்படி வரவேண்டும், ஒரு சனிக்கிழமை முழுதும் முற்றம் தேவை, அன்றைக்கு அவருடைய வான்கள் வெளியே நிற்க வேண்டும். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேனையை வைத்தார்.

“வேலியை ஆர் கழட்டுறது?”

“நாங்கள் கழட்டுறம். திருப்பியும் பூட்டித் தாறம்.”

“உங்கட வெள்ளைக்காரக் கிழவங்கள் கழட்டினால் வேலி உருப்படாது. நான் கழட்டி வைக்கிறன்.”

அவ்வளவுதான். மறுபடி பேனையை எடுத்தார்.

சனிக்கிழமை நாங்கள் போனபோது வேலி கழற்றிச் சுவரோடு சாத்தியிருந்தது. முற்றம் கழுவித் துடைத்திருந்தது. லொறி கல்லைக் கொட்டியது. நாள் முழுவதும் வாளியிலும் கைவண்டியிலும் அள்ளி ஆற்றுக்குள் பரப்பினோம். மத்தியானம் அண்ணை வெளியே வந்து மார்கிரட்டைப் பார்த்துக் கைகாட்டினார். தன் புது எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து காட்ட வேண்டுமாம். எது எங்கே வந்து, எண்ணெய் எப்படி மேலே நின்று, தண்ணீர் எந்தக் குழாயால் கழிவுக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். புதுக் கார் வாங்கினவன் எஞ்சினைக் காட்டுகிற மாதிரி. மார்கிரட் முழங்காலில் குந்தியிருந்து, டோர்ச் பிடித்து, உள்ளே எட்டிப் பார்த்து, கேள்வி கேட்டார். அந்த மனிசியின் பெருந்தன்மையை நான் அன்றைக்குத்தான் முழுதாக அறிந்தேன்.

பின்னேரம் எல்லோருக்கும் சுடச்சுட ரோல்ஸ் வந்தது. என் பங்கை அண்ணை தானே கொண்டுவந்து தந்தார்.

“மெலிஞ்சு போனாய்” என்றார்.

8. ஒரு மார்கழிக் காலை

அந்த மார்கழியில் ஒருநாள் காலை, நான் கந்தோர்க் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. செல்வராசா அண்ணை. குரல் பதறியது.

“தங்கச்சி, கெதியா வா. ரெண்டு மீன், பெரிய மீன், நீங்கள் போட்ட கல்லுக்கு மேலை நிண்டு துடிக்குது. ஒண்டு சரிஞ்சு படுத்து வாலாலை கல்லை அடிச்சுக் கிண்டுது. நான் ஒண்டும் ஊத்தேல்லை. சத்தியமா ஒண்டும் ஊத்தேல்லை. கான் காஞ்சு கிடக்கு, வந்து பார்.”

“தண்ணி என்ன நிறம், அண்ணை?”

“நிறமே இல்லை. அடி தெரியுது.”

“அண்ணை, அது சாகேல்லை. முட்டை போடுது. கல்லைக் கிண்டிக் கூடு செய்யுது.”

“உண்மையாவோ?”

“உண்மையா.”

“அப்ப நான் அதிலை நிண்டு ஒருத்தரையும் கிட்ட விடாமல் பாக்கிறன். நீ வா.”

அந்த வேலையில் நான் இருந்த காலத்தில் கற்றதை இளம் ஆட்கள் கேட்டால் இரண்டே விஷயம் சொல்வேன். தண்ணீர் நிறம் மாறினால் முதலில் அழையுங்கள், அது யாருடைய கானாக இருந்தாலும் சரி. அழைத்த பிறகு அந்த ஆளிடம் நேரில் போங்கள், கதவு உங்கள் முகத்துக்கு நேரே பூட்டுப்பட்டாலும் சரி. முதலாவதை மட்டும் செய்கிறவர்கள் ஆற்றுக்குக் காவல்காரரைத் தேடித் தேடி அலைவார்கள். இரண்டாவதை மட்டும் செய்கிறவர்களுக்கு ஆறே மிஞ்சாது.

நான் மார்கிரட்டையும் கொலினையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது செல்வராசா அண்ணை வெள்ளை ஏப்ரனோடு கரையில் குந்தியிருந்தார். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. கொலின் ஆர்வத்தில் ஏதோ சத்தமாகச் சொல்ல வாயெடுத்தார். அண்ணை திரும்பாமலே கையை நீட்டி அவரைத் தடுத்து, வாயில் விரலை வைத்தார்.

“ஷ்ஷ்” என்றார். “குழம்பிடும்.”

நாங்கள் மூன்று பேரும் சத்தமில்லாமல் அவருக்குப் பக்கத்தில் குந்தினோம்.